அம்மாவை ரொறொன்ரோவில் ராப்டர்ஸ் மேட்ச்சுக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா? முழங்கால் வலி, 300ஆம் பகுதி டிக்கெட்

உப்புவெளிக்காரி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். திருகோணமலையிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் அம்மாவுடன் ஸ்காபரோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறோம், விசா வந்துவிட்டது. அக்காவின் மகனுக்குப் பத்தொன்பது வயது, கடையொன்றில் பகுதிநேர வேலை செய்கிறான். அந்தச் சம்பளத்தைச் சேர்த்து ராப்டர்ஸ் கூடைப்பந்து மேட்ச்சுக்கு எங்கள் நாலு பேருக்கும் டிக்கெட் வாங்கி வைத்திருக்கிறான். நகரத்தின் நடுவிலே இருக்கிற ஸ்கோஷியாபேங்க் அரீனாவிலாம். ஒவ்வொரு ஞாயிறும் வட்ஸ்அப்பில் எடுத்து "அம்மம்மா, ரெடியா?" என்று கேட்கிறான், அம்மாவும் ரெடி ரெடி என்கிறார்.

அம்மாவுக்கு 68 வயது. பள்ளிக்காலத்தில் வலைப்பந்து விளையாடியவர், கோல் ஷூட்டர். அணியோடு எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று இன்னும் அலுமாரிக்குள் இருக்கிறது. நெஞ்சில் ஜீ.எஸ். என்ற பட்டியோடு, இரண்டு பக்கமும் பின்னல் தொங்க, கையில் பந்தை அணைத்தபடி நடுவில் நிற்பார். அதனால் பந்து விளையாட்டு என்றால் அவருக்கு உண்மையிலேயே ஆசை, பேரனுக்காக மட்டும் தலையாட்டவில்லை.

பிரச்சினை முழங்கால். வெள்ளிக்கிழமைகளில் கோணேசர் கோவிலுக்குப் போகும்போது கோட்டை வாசலில் இறங்கி ஏற்றத்தில் நடந்துதான் போவார், ஆட்டோ வேண்டாம் என்பார். நடுவில் ஒரு தரம் நின்று, மான்களுக்கு வாழைப்பழத்தோல் போட்டுவிட்டு ஏறுவார். ஏறுவது பரவாயில்லை. இறங்கும்போதுதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் பக்கவாட்டில் கால் வைத்து வருவார். டிக்கெட் 300ஆம் பகுதிகளில் என்று பெறாமகன் சொன்னான், அது மேல்தளம் என்று இணையத்தில் பார்த்தேன். படங்களைப் பார்த்தால் செங்குத்தாக இருக்கிறது, எனக்கே தலை சுற்றியது.

நாங்கள் கூட்டத்தைக் கண்டது என்றால் மக்கெய்சர் மைதானத்தில் இசை நிகழ்ச்சி நடந்தால் போவதுதான். பிளாஸ்டிக் கதிரை, கடற்காற்று, களைத்துவிட்டால் எழும்பி ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிடலாம். கூரைக்குள்ளே இருபதாயிரம் பேர் இருக்கிற இடத்தில் அப்படி நடுவில் எழும்பி வர முடியுமா? படி, குளிர், சத்தம், கழிப்பறை, கைப்பைக்குள் என்ன கொண்டு போகலாம், எல்லாமே கேள்வியாக இருக்கிறது. அம்மாவுக்கு இரவு எட்டரைக்கு ஒரு மாத்திரை போட வேண்டும், அதை வெறும் வயிற்றில் போட முடியாது.

டிக்கெட்டை மாற்று என்று பெடியனிடம் சொன்னால் மனம் நோகும். போய் வந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.


டைக் வீதி எழுதியது:

தங்கச்சி, நான் டைக் வீதியில் பிறந்து வளர்ந்தவன், ஸ்காபரோவுக்கு வந்து 22 வருடம். அந்த அரீனாவுக்கு கூடைப்பந்துக்கும் ஐஸ் ஹொக்கிக்கும் இசை நிகழ்ச்சிக்கும் போயிருக்கிறேன். அம்மாவைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் 300இல் மேல் வரிசை என்றால் டிக்கெட்டை மாற்றத்தான் வேண்டும், இதில் பெடியனின் மனத்தைப் பார்க்க வேண்டாம், காரணத்தைச் சொன்னால் அவனே மாற்றுவான்.

அது எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று சொல்கிறேன். கீழ்த்தளம் 100இல் தொடங்கும் பகுதிகள், மேல்தளம் 300இல் தொடங்குபவை. கூடைப்பந்துக்கு 19,800 பேர் வரை இருக்கலாம். அத்தனை பேரையும் நகர நடுவில் இருக்கிற ஒரு துண்டு நிலத்தில் ஏற்ற வேண்டும், பின் வரிசைக்காரருக்கு முன்னால் இருப்பவரின் தலை மறைக்கவும் கூடாது என்றால் வரிசைகளைச் செங்குத்தாகத்தான் அடுக்க வேண்டும். அதனால் 300இல் இருந்து பார்த்தால் ஆட்டம் நன்றாகத் தெரியும், விளையாடுகிறவர்கள் எப்படி ஓடி இடம் பிடிக்கிறார்கள் என்று மேலே இருந்துதான் வடிவாகப் பார்க்கலாம். பார்வையில் குறையே இல்லை. குறை படியில். தளம் வரைக்கும் எஸ்கலேட்டரும் லிஃப்டும் கொண்டுபோய் விடும், அதன் பிறகு உங்கள் பகுதியின் வாசலில் இருந்து உங்கள் வரிசை வரைக்கும் காலால்தான். அம்மா இறங்கும்போது கஷ்டப்படுகிறார் என்று சொன்னீர்களே, ஆட்டம் முடிந்து பின்னால் சனம் நெருக்கிக்கொண்டு வரும்போது பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்குவதை நினைத்துப் பாருங்கள்.

ஆகவே பெடியனிடம் கேட்க வேண்டியது எந்த வரிசை என்பதைத்தான். டிக்கெட்டில் பகுதி, வரிசை, இருக்கை என்று மூன்றும் இருக்கும். பகுதி வாசலுக்குப் பக்கத்து வரிசை என்றால் 300கூடப் பரவாயில்லை. பத்துப் பதினைந்து வரிசை ஏற வேண்டும் என்றால் வேண்டாம். வாங்கிய செயலியிலேயே அந்த டிக்கெட்டைத் திருப்பி விற்கப் போடலாம், கிழமை நாளில் பெரிய பெயர் இல்லாத அணி வருகிற ஆட்டம் என்றால் கீழ்த்தளத்தில் ஒன்றிரண்டு இருக்கை கொஞ்சம் இறங்கிய விலைக்கும் கிடைக்கும். படியே ஏற முடியாதவர்களுக்கு, சக்கர நாற்காலியோடு வருகிறவர்களுக்கு என்று தனி இடங்களும் இருக்கின்றன, அரீனாவுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம்.

குளிரைப் பற்றி. வெளியே டிசம்பரில் பூச்சியத்துக்குக் கீழே போகும். உள்ளே அப்படி இல்லை, அத்தனை பேரின் மூச்சுச் சூடு. பெரிய கோட்டைக் கழற்றி மடியில்தான் வைக்க வேண்டும், அது ஒரு தலையணை அளவுக்கு வரும். எனவே கோட்டுக்குள் ஒரு மெல்லிய சுவெட்டர் போட்டுவிடுங்கள். அப்புறம் அம்மாவுக்கு ஒரு விஷயம் சொல்லுங்கள், ரசிப்பார்: அவர் பார்க்கப் போகிற அந்த மரத்தரைக்குக் கீழே பனிக்கட்டி இருக்கும். மேப்பிள் லீஃப்ஸ் ஹொக்கி அணிக்கும் அதுதான் சொந்த அரங்கு. கொங்கிரீட்டுக்குள் ஓடுகிற குழாய்களில் குளிர்ந்த உப்புக் கரைசலை விட்டு அதன்மேல் ஓரங்குல அளவுக்கு ஐஸை உறைய வைத்திருக்கிறார்கள், கூடைப்பந்து என்றால் ஐஸைக் கரைப்பதில்லை, குளிர் கடத்தாத பலகைகளால் மூடி அதற்கு மேலே மேப்பிள் மரத்தரையைத் துண்டு துண்டாகப் பூட்டுவார்கள். ஒரு நாள் ஹொக்கி, மறுநாள் கூடைப்பந்து. எனக்கு இத்தனை வருடம் கழித்தும் அது அதிசயமாகவே இருக்கிறது.


நிலாவெளிக்காற்று எழுதியது:

டைக் வீதி அண்ணா சொன்னது முழுக்கச் சரி. நான் கைப்பையையும் டிக்கெட்டையும் பற்றி மட்டும் சொல்கிறேன், இரண்டிலும் அனுபவப்பட்டிருக்கிறேன்.

போன வருடம் மாமி (கணவரின் அம்மா) ஊரிலிருந்து வந்திருந்தபோது ஓர் இசை நிகழ்ச்சிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். மாமி ஊரில் கோவிலுக்குக் கொண்டு போகிற அந்தப் பெரிய துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார், உள்ளே முறுக்கு, தண்ணீர்ப் போத்தல், சால்வை, குடை. வாசலில் நின்ற பிள்ளை மரியாதையாகத்தான் சொன்னாள், ஆனால் பை உள்ளே போகவில்லை. பெரிய பைகளுக்கும் வெளிச்சாப்பாட்டுக்கும் அனுமதி இல்லை. என் கணவர் அந்தப் பையோடு காருக்குத் திரும்பி ஓடி, வைத்துவிட்டு வருவதற்குள் முதல் மூன்று பாட்டு முடிந்துவிட்டது. மாமி பாட்டைக்கூடக் கேளாமல் "தம்பி வந்திட்டாரோ, தம்பி வந்திட்டாரோ" என்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதனால் பையே வேண்டாம், கோட்டுப் பொக்கெட் போதும். அளவு விதியை அரீனாவின் இணையப் பக்கத்தில் போகிற கிழமையே பாருங்கள், அடிக்கடி மாற்றுவார்கள்.

மாத்திரையை அதன் சொந்தப் பெட்டியோடு, பெயர் எழுதிய துண்டோடு கொண்டு போங்கள், கவருக்குள் உதிரியாக வேண்டாம். மாத்திரைக்கு முன்னால் சாப்பிட வேண்டும் என்று சொன்னீர்களே, உள்ளே சாப்பாடு இருக்கிறது, விலை அதிகம், அம்மாவுக்குப் பிடிக்கிற மாதிரி அதிகம் இல்லை. வீட்டிலேயே ஆறு மணிக்கு முன்னம் இரண்டு இடியப்பமாவது கொடுத்துவிட்டு, எட்டரைக்கு உள்ளே ஏதாவது பணிஸோ உருளைக்கிழங்குப் பொரியலோ வாங்கிக் கொடுங்கள். காசுத்தாள் வாங்க மாட்டார்கள், அட்டை அல்லது போன் மட்டும்தான். எங்கள் இலங்கை வங்கி அட்டையை நம்பி நிற்காமல் அக்காவின் அட்டையை வைத்திருங்கள்.

டிக்கெட் முழுக்கப் போனில்தான். படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பினால் வேலை செய்யாது, ஏனென்றால் டிக்கெட்டில் இருக்கிற பார்கோடு சில வினாடிக்கு ஒரு தரம் மாறிக்கொண்டே இருக்கும். நான் முகநூலில் யாரோ ஒருவரிடம் மலிவாக இரண்டு டிக்கெட் வாங்கி, அவர் அனுப்பிய படத்தைக் காட்டி வாசலில் நின்று அழுதிருக்கிறேன். காசும் போனது, இரவும் போனது. பெடியன் ஒரே போனில் நாலையும் வைத்திருந்தால் எல்லோரும் சேர்ந்தே உள்ளே போகலாம், பிரச்சினை இல்லை. பற்றரி மட்டும் இருக்கட்டும்.

இன்னொன்று, இசை நிகழ்ச்சிக்கு யாராவது வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு போவதென்றால் மேடைக்கு முன்னால் தரையில் போடுகிற கதிரைகளை வாங்க வேண்டாம். விலை கூட, ஆனால் தரை சமமாக இருப்பதால் முன்னால் எல்லோரும் எழும்பினால் ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கீழ்த்தளம்தான் நல்லது.


உப்புவெளிக்காரி எழுதியது:

அண்ணா, அக்கா, இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. வரிசையை இப்போதே கேட்டேன். மேலே, பதினாலாவது வரிசை. அவன் போனில் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, பிறகு "நான் அதை யோசிக்கவே இல்லை சித்தி" என்றான். எனக்குத்தான் கஷ்டமாகப் போய்விட்டது.

அம்மாவுக்கு ஐஸ் விஷயத்தை வாசித்துக் காட்டினேன். "அப்ப பந்து நல்லா எழும்புமோ?" என்பதுதான் முதல் கேள்வி.


மைதானத்து டீச்சர் எழுதியது:

அம்மாவின் அந்தக் கேள்விக்காகவே எழுதுகிறேன். நான் திருகோணமலையில் பாடசாலைப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறேன், கனடா பக்கமே போனதில்லை, அரீனாவைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஆட்டத்தைப் பற்றி அம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தால் அவர் அங்கே வேடிக்கை பார்க்காமல் ஆட்டம் பார்ப்பார்.

பந்து எழும்பும், துண்டுகளை இறுக்கமாகப் பூட்டுவதால் தரை கெட்டியாகத்தான் இருக்கும். முக்கியமானது இது: வளையத்தின் உயரம் அம்மா எறிந்த அதே உயரம். வலைப்பந்திலும் கூடைப்பந்திலும் பத்து அடிதான், 3.05 மீற்றர். கூடைப்பந்து வளையம் கொஞ்சம் அகலம், பின்னால் பலகையும் இருக்கிறது. எங்களுக்குப் பலகை இல்லை, பந்து நேரே வளையத்துக்குள் விழ வேண்டும், மோதித் திரும்பி விழுகிற வசதி கிடையாது. அதனால் பலகையில்லாமல் எறிந்து பழகிய அம்மாவின் கண்ணுக்கு, எந்த எறி சுத்தமாகப் போகிறது, எது பலகையின் தயவில் போகிறது என்று உடனே தெரியும்.

அடுத்தது கால். வலைப்பந்தில் பந்தோடு நடக்க முடியாது, பிடித்த இடத்தில் ஒரு காலை ஊன்றி மூன்று வினாடிக்குள் கொடுத்துவிட வேண்டும். இங்கே தரையில் தட்டிக்கொண்டே முழு மைதானமும் ஓடலாம். அம்மா முதல் ஐந்து நிமிடமும் "நடக்கிறான், நடக்கிறான்" என்று சொல்லப் போகிறார், சொல்லட்டும். ஜீ.எஸ்., ஜீ.ஏ. (கோல் அட்டாக்) மட்டும்தான் எறியலாம் என்ற கட்டுப்பாடும் இல்லை, ஐந்து பேரில் யாரும் எறியலாம். 24 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும், அந்த மணிக்கூடு பலகைக்கு மேலேயே சிவப்பாக ஓடும். அதைப் பார்க்கச் சொல்லுங்கள், அது தெரிந்தால் ஏன் எல்லோரும் திடீரென்று கத்துகிறார்கள் என்று விளங்கும். கால்பகுதி 12 நிமிடம், நாலு கால்பகுதி. கணக்குப்படி 48 நிமிடம், ஆனால் மணிக்கூட்டை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவதால் இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் போகும்.

போகுமுன் 2019 மே 12ஆம் திகதி பிலடெல்பியா அணியுடன் நடந்த தொடரின் ஏழாவது ஆட்டத்தின் கடைசி எறியைத் தேடிப் போட்டுக் காட்டுங்கள். அதே அரங்கில் நடந்தது. 90க்கு 90 என்று சமநிலை, ராப்டர்ஸ் வீரர் கவாய் லெனார்ட் வலப்பக்க மூலையிலிருந்து எறிகிறார், நேரம் முடிந்துவிட்டது, பந்து வளையத்தின் விளிம்பில் நாலு தரம் துள்ளுகிறது. நாலு தரம். அந்த நேரம் முழுக்க அத்தனை ஆயிரம் பேரும் வாயைத் திறந்தபடி நிற்கிறார்கள், அவர் மூலையில் குந்திக்கொண்டு பார்க்கிறார், பிறகு உள்ளே விழுகிறது. அந்த வருடம்தான் ராப்டர்ஸ் முதல் தடவையாக என்.பி.ஏ. (வட அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) கிண்ணம் எடுத்தது. நான் என் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டுவது பந்து எவ்வளவு உயரமாக வளைந்து போகிறது என்று பார்க்கத்தான். உயரமாக வருகிற பந்து செங்குத்தாக இறங்கும், விளிம்பில் பட்டாலும் வெளியே தெறித்து ஓடாமல் மேலே துள்ள வாய்ப்பு அதிகம். இலங்கை வலைப்பந்து வீராங்கனை தர்ஜினி சிவலிங்கம் எறிவதைப் பார்த்தவர்களுக்கு, நல்ல ஷூட்டரின் கையிலிருந்து பந்து எவ்வளவு அமைதியாகப் புறப்படும் என்று தெரியும். அம்மாவும் அப்படி எறிந்தவராகத்தான் இருப்பார். படத்தில் பந்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்று ஒரு தரம் பாருங்கள், விரல் நுனியிலா உள்ளங்கையிலா என்று.


டைக் வீதி எழுதியது:

டீச்சர், அந்த எறி நடந்த அன்று நான் அரங்குக்கு வெளியே சதுக்கத்தில் பெரிய திரையின் முன்னால் நின்றேன். பக்கத்தில் நின்ற, பெயர் தெரியாத ஒரு சீன அண்ணர் என்னைத் தூக்கிவிட்டார். இப்போதும் நினைத்தால் மயிர்க்கூச்செறிகிறது.

தங்கச்சி, போகிற வழியைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். காரில் போக வேண்டாம், நகர நடுவில் தரிப்பிடக் கட்டணம் கொடுமை, முடிந்து வெளியே வர ஒரு மணி நேரம். சப்வே என்றால் பஸ்ஸில் கென்னடிக்கோ வார்டனுக்கோ போய், ப்ளோர்-யங்கில் மாறி யூனியனில் இறங்க வேண்டும், அந்த மாறுமிடத்தில் சனமும் படியும் அதிகம். அம்மாவோடு என்றால் கோ (GO) என்ற புறநகர் ரெயில்தான் நல்லது. கில்ட்வுட்டிலோ எக்ளிண்டனிலோ ஏறினால் மாறாமல் நேரே யூனியன். ஒவ்வொரு ரெயிலிலும் நடக்கக் கஷ்டப்படுகிறவர்களுக்கென்று ஒரு பெட்டி உண்டு, அது நிற்கிற இடத்தில் நடைமேடை உயர்த்தியிருக்கும், அந்த இடத்திலேயே நின்று ஏறுங்கள். கட்டணம் செலுத்துகிற பிரெஸ்ரோ அட்டையோ தட்டிச் செலுத்துகிற வங்கி அட்டையோ ஆளுக்கொன்று வேண்டும். யூனியனில் இறங்கினால் அரீனாவுக்கு உள்ளாலேயே மூடிய நடைபாதை இருக்கிறது, பனியில் கால் வைக்கத் தேவையில்லை.

நேரம் இருந்தால் ஒரு பத்து நிமிடம் மட்டும் பே வீதிப் பக்கம் வெளியே வந்து சுவரைக் காட்டுங்கள். அந்த இடத்தில் முன்பு தபால் கட்டடம் இருந்தது. 1999இல் அரங்கைத் திறந்தபோது பழைய கட்டடத்தின் இரண்டு பக்கச் சுவரை இடிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள், கல்லில் போக்குவரத்தும் தகவல் தொடர்பும் வளர்ந்த கதையைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே கண்ணாடியும் திரையுமாக இருக்கிற கட்டடத்துக்கு வெளியே அந்தக் கல் இருப்பது எனக்குப் பிடிக்கும். கோட்டை வாசலைக் கடந்து கோணேசருக்குப் போகிறவர்களுக்கு அது விளங்கும்.

வந்த கிழமையே போக வேண்டாம். ஆட்டம் ஏழரைக்குத் தொடங்கினால் ஊரில் அது மறுநாள் காலை ஆறு மணி, அம்மாவின் உடம்பு இரவு முழுக்க விழித்திருந்த கணக்கில் இருக்கும். பத்து நாளாவது கழியட்டும். சத்தமும் உண்மையில் அதிகம், ஆரம்பத்தில் விளக்கை அணைத்து வெளிச்சத்தை வெட்டி வெட்டி அடிப்பார்கள், மருந்துக்கடையில் பஞ்சுக் காதடைப்பான் வாங்கிப் பொக்கெட்டில் போடுங்கள். முடிந்ததும் உடனே எழும்பாமல் கால் மணி நேரம் இருக்கையிலேயே இருங்கள். கழிப்பறைக்கு இடைவேளையில் போனால் வரிசை நீளும், இரண்டாவது கால்பகுதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போதே கூட்டிக்கொண்டு போங்கள்.


உப்புவெளிக்காரி எழுதியது:

முடிவைச் சொல்ல வந்தேன். பெறாமகன் இரண்டு டிக்கெட்டை விற்கப் போட்டு, கீழ்த்தளத்தில் பகுதி வாசலிலிருந்து நாலு படி மட்டும் உள்ள வரிசையில் இரண்டு வாங்கிவிட்டான். மிச்சக் காசை நான் தருகிறேன் என்றேன், வாங்க மாட்டேன் என்கிறான், அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன். அவனும் அம்மாவும் கீழே, அக்காவும் நானும் மேலே பதினாலாவது வரிசையில். அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து பார்க்க எனக்கும் ஆசைதான், ஆனால் அந்த இடம் அவனுடையது. முடிந்த பிறகு அவர்களை அசைய வேண்டாம் என்று சொல்லி நாங்கள் இறங்கிப் போய்ச் சேர்ந்துகொள்வோம். தேதி நாங்கள் போய் இறங்கிப் பன்னிரண்டாம் நாள், அதுவும் சரியாக அமைந்துவிட்டது.

டீச்சர், நேற்றிரவு அந்த எறியைப் போட்டுக் காட்டினேன். ஆறு தரம் பார்த்தார். பிறகு அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்துப் பார்த்தோம், பந்து விரல் நுனியில்தான் இருக்கிறது, உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. அந்தப் படத்தைப் பேரனுக்குக் கொண்டு போகப் போகிறாராம். பெட்டிக்குள் வைத்தால் மடங்கும் என்று இரண்டு கொப்பி மட்டைக்கு நடுவில் வைத்துக் கட்டி, கையில்தான் கொண்டு வருவேன் என்கிறார்.